தாயும் சேயும் காத்த கைகள்
மகப்பேற்றுச் செவிலியப் பணியின் வரலாறு

“பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு” என்பது நம் வீட்டு முதியோர் நாவில் வழங்கும் சொல். இச்சொல்லில் மகிழ்ச்சியினும் அச்சமே மிகுதி என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சூலுற்ற மகளுக்கு ஏழாம் திங்களில் வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்ற அன்னையின் உள்ளத்தில், இவள் திரும்பி வருவாளா என்னும் கலக்கம் ஒளிந்தே இருந்தது. அக்கலக்கம் வீண் கலக்கமும் அன்று. ஜோசப் போர் என்பார் தலைமையில் அமைந்து 1946ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த மருத்துவ நலக் குழு, அன்றைய இந்தியாவில் 1000 மகப்பேறுகளுக்கு 20 தாய்மார் இறந்தனர் என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 இலட்சம் தாய்மாரை நாடு இழந்தது என்றும் மதிப்பிட்டது. 20 என்பதை ஓர் இலட்சத்திற்குக் கணக்கிட்டால் 2000 ஆகும். 2018 முதல் 2020 வரை எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கில் அவ்வெண் இலட்சத்திற்கு 97.

2000 எங்கே, 97 எங்கே! இடைப்பட்ட காலம் ஒரு மனிதனின் வாழ்நாள் அளவே. இந்த மாற்றத்தை எண்ணும்போது பெரிய மருத்துவமனைகளும் பேர்பெற்ற மருத்துவர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயின், தாயின் தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருந்தவள் யார்? குழந்தையை முதலில் ஏந்திய கை யாருடையது? அக்கையின் வரலாற்றைச் சிறிது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செவிலியும் மருத்துவச்சியும்

செவிலி என்பது நமக்குப் புதிய சொல் அன்று. சங்க அகப்பாடல்களில் நற்றாயோடு ஒருங்கு வைத்துப் பேசப்படுபவள் செவிலித்தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. நோயாளரைப் பேணும் பெண்ணுக்கு இப்பெயரை இக்காலத் தமிழ் சூட்டியபோது, தாய்மையின் ஒரு பாதியையே அவளுக்கு வழங்கிற்று.

மகப்பேறு பார்ப்பவளுக்கு வழங்கிய பெயரோ ‘மருத்துவச்சி’. மருத்துவம் செய்பவள் என்பதே அதன் நேர்ப்பொருள். இத்துணை உயர்ந்த பெயர் தந்த நாம், அவளுக்கு உயர்ந்த இடம் தந்தோமா? தமிழகத்தில் இத்தொழிலைப் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்களே செய்தனர். வடநாட்டில் ‘தாயி’ எனப்பட்டவருள் பலர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குலத்தினர். பேற்றுக் குருதியும் நஞ்சுக்கொடியும் தீட்டு எனக் கருதப்பட்டமையால், அவற்றைத் தொடும் வேலை சமூகத்தின் கடைசிப் படியில் நின்றவர்மீது சுமத்தப்பட்டது. ஒரு படி நெல்லும் பழம்புடவையுமே பல இடங்களில் கூலி. வீட்டின் இருண்ட மூலையோ புறக்கடைக் கொட்டிலோ பேற்றறை. நல்ல நீரும் வெளுத்த துணியும் தர மனமில்லாத வீட்டார், தாய்க்குச் சன்னி கண்டால் மருத்துவச்சியைப் பழித்தனர்.

அவளிடம் பிழைகள் இருந்தன என்பது உண்மையே. கிருமி என்ற ஒன்றை அவள் அறியாள். கிடைத்த கத்தியால் கொடியை அறுத்தாள். சில இடங்களில் சாம்பலோ சாணமோ வைத்துக் கட்டினாள். ஆயின், கிருமியை அறியாதவள் அவள் ஒருத்தி மட்டும் அல்லள். அக்காலத்து ஐரோப்பாவின் பெரும் பேராசிரியர்களும் அதனை அறியார்.

வியன்னாவின் இரு கூடங்கள்

ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் கார்டன் என்னும் மருத்துவர், பேறுகாலச் சன்னி ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்கு மருத்துவர், மருத்துவச்சி ஆகியோர் வழியாகவே செல்கிறது என்று 1795இல் எழுதினார். தாமும் அதனைக் கொண்டு சென்றவர் என்பதை அவர் மறைக்கவில்லை. ஊரார் அவரை வெறுத்ததே அவர் பெற்ற பரிசு.

அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் பணியேற்றார். அங்கு மகப்பேற்றுக்கு இரு கூடங்கள் இருந்தன. முதற்கூடத்தில் மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாம் கூடத்தில் மருத்துவச்சிகள் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்கூடத்தில் நூற்றுக்குப் பதினொரு தாய்மாருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் கூடத்தில் இறந்தவர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. இதனை நகரப் பெண்களும் அறிந்திருந்தனர். முதற்கூடத்தில் சேர்க்க வேண்டா என்று அவர்கள் கண்ணீர்விட்டு மன்றாடினர்.

கற்றோர் கையில் சாவும் கல்லாதார் எனக் கருதப்பட்டோர் கையில் வாழ்வும் இருந்தது எங்ஙனம்? 1847இல் செம்மல்வைஸின் நண்பர் ஒருவர் பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்டு, சன்னி கண்ட தாய்மாரைப் போன்றே இறந்தார். அந்நிகழ்ச்சியே செம்மல்வைஸின் கண்ணைத் திறந்தது. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேரே பேற்றறைக்கு வந்தனர். மருத்துவச்சிகள் பிணவறைக்குச் செல்வதில்லை. அவ்வாண்டு மே திங்களில், குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் எவரும் தாயைத் தொடலாகாது என அவர் விதித்தார். முந்திய ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூலையில் ஏறத்தாழ ஒன்றாக இறங்கிற்று.

உலகம் உடனே அவரைப் போற்றியது என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவரின் கை அழுக்குடையது என்று சொல்வதைப் பெருமக்கள் பலர் பொறுக்கவில்லை. 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் மறைந்தார். பின்னர்ப் பாஸ்டர் முதலியோர் கிருமியைக் கண்டு காட்டிய பிறகே அவர் கூற்று நிலைபெற்றது. சன்னியை மருந்தால் வெல்லும் காலமோ 1936இல்தான் தொடங்கிற்று. அவ்வாண்டு லண்டன் நகரில் லியனார்டு கோல்புரூக் சல்பா வகை மருந்தால் சன்னி கண்ட தாய்மாரைப் பிழைப்பிக்கலாம் என்று காட்டினார்.

இதற்கு முன்பே ஸ்வீடன் நாடு ஒரு பெரும் பாடத்தைக் கற்பித்திருந்தது. அந்நாட்டில் ஊர்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை அமர்த்தினர். துப்புரவு முறைகளையும் அவர்களுக்குக் கற்பித்தனர். 1751இல் இலட்சத்திற்கு ஏறத்தாழ 900 ஆக இருந்த தாய்மார் இறப்பு 1900இல் 230 அளவிற்குக் குறைந்தது. பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே பிறந்த காலம் அது. பெனிசிலின் இல்லாத காலமும் அதுவே. பயின்ற கையும் தூய கையும் மட்டுமே இவ்வளவு செய்யக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சென்னையும் வடநாடும்

இந்திய நாட்டில் இப்பணி வேரூன்றிய இடங்களுள் சென்னை முதன்மையானது. 1844ஆம் ஆண்டில் எழும்பூரில் மகப்பேற்று மருத்துவமனை திறக்கப்பட்டது. 1854இல் சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி அமைக்க அரசு இசைந்தது. கணவரோடு சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது, ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாமல் பெண்கள் இறப்பதைக் கண்டு மனம் நொந்து, முதலில் மகப்பேற்றுப் பணி கற்றார். பின்னர் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்கென 1885இல் அவர் முயற்சியால் எழுந்த மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது.

திண்டிவனத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி பலரும் அறிந்தது. 1890களில் அங்குத் தம் பெற்றோருடன் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க நங்கையை, ஒரே இரவில் மூன்று வீட்டார், பேற்று வலியால் துடிக்கும் தம் மனைவியர்க்கு உதவுமாறு அழைத்தனர். அவர் மருத்துவம் கல்லாதவர். அவர் தந்தையோ மருத்துவர், ஆனால் ஆடவர். அவரை உள்ளே விட மூவரும் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவின் விளைவே வேலூர் மருத்துவப் பணி. 1909இல் அங்கே செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியக் கல்வி கல்லூரிப் பட்டப் படிப்பாக உயர்ந்தது.

வடநாட்டிலும் முயற்சிகள் நடந்தன. பெண்களுக்குப் பெண் மருத்துவர் உதவி கிடைக்க வேண்டுமென 1885இல் டஃபரின் சீமாட்டியார் பெயரால் ஒரு நிதி திரட்டப்பட்டது. தாயிகளுக்குப் பயிற்சி அளிக்க 1903இல் விக்டோரியா நினைவு நிதி ஏற்பட்டது. 1916இல் தில்லியில் ஹார்டிங் சீமாட்டி பெயரால் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1918இல் அந்நகரிலேயே, வீடு வீடாகச் சென்று தாய்சேய் நலம் பேணும் பணியாளரைப் பயிற்றும் பள்ளியும் தோன்றிற்று. சென்னை மாகாணத்தில் 1926இல் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது.

தமிழ்ப் பெருமக்கள் இருவரை இவ்விடத்தில் நினையாதிருத்தல் தகாது. புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, எழும்பூர் மருத்துவமனையில் பணியைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாட்டில் மகப்பேற்று உதவித் திட்டம் வழங்குகிறது. டாக்டர் ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியார் எழும்பூரில் பணிபுரிந்து எழுதிய மகப்பேற்று நூல், இந்திய மாணவர் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவரும் நூலாக நிலைத்தது.

பம்பாய் ஆலைப் பெண்களின் சோகை

தாய்மாரைக் கொன்றது கிருமி ஒன்றே அன்று. வறுமையும் உடன் நின்று கொன்றது. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைப் பெண்கள் பலர் சூலுற்ற காலத்தில் கடும் இரத்த சோகையால் வெளிறி, மூச்சு வாங்கி, பேற்றின்போது உயிர் துறந்தனர். அவர் அவர்களின் வீட்டுக்குச் சென்றார். என்ன உண்கிறார்கள் என்று பார்த்தார். காய்கனியும் புலாலும் அரிதாகிய ஏழை உணவே குற்றவாளி எனக் கண்டார். குன்னூரிலும் ஆராய்ந்தார், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஈஸ்ட்டிலிருந்து ஆக்கிய மலிவான மார்மைட் என்னும் பண்டத்தைக் கொடுத்தபோது அப்பெண்கள் தேறினர். அதில் அடங்கிய பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

இன்று சூலுற்ற பெண்ணுக்குச் செவிலி எண்ணித் தரும் மாத்திரைக்குப் பின்னால் பம்பாய் ஆலைப் பெண்களின் துன்பக் கதை இருக்கிறது. ‘வாந்தி வருகிறது, வேண்டா’ என்று அம்மாத்திரையை எறிந்துவிடும் நம் பெண்கள் இதனை அறிய வேண்டும்.

விடுதலைக்குப் பின்

போர் குழு கணக்கெடுத்த காலத்தில் நாடு முழுவதிலும் பயின்ற மருத்துவச்சிகள் ஏறத்தாழ 5000 பேரே இருந்தனர். ஓர் இலட்சம் பேர் வேண்டும் என்றது குழு. 1947இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் பிறந்தது. 1950களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. துணைச் செவிலியரும் மருத்துவச்சியும் ஆகிய ஒருத்தி சிற்றூருக்கு வந்தாள். மிதிவண்டியிலும் கால்நடையாகவும் சென்று அவள் பார்த்த பேறுகளுக்கு அளவில்லை.

ஆயின் 1970களில் ஒரு திருப்பம் நேர்ந்தது. குடும்பக் கட்டுப்பாடு, தடுப்பூசி, மலேரியா, பதிவேடு என்று பல வேலைகள் அவள் தலையில் ஏற்றப்பட்டன. ‘பல்நோக்குப் பணியாளர்’ எனப் பெயர் மாறிற்று. 24 திங்களாக இருந்த பயிற்சி 18 திங்களாகச் சுருக்கப்பட்டது. மகப்பேறு பார்ப்பதே தொழிலாகக் கொண்டிருந்தவளுக்கு மகப்பேறு பத்தோடு பதினொன்றாயிற்று. மருத்துவச்சி என்ற பெயர் ஏட்டில் இருந்தது. அத்திறம் கையிலிருந்து நழுவத் தொடங்கிற்று. நம் நாட்டுத் தாய்சேய் நல வரலாற்றில் இவ்விழப்பு போதிய அளவு பேசப்படவில்லை.

2005இல் மத்திய அரசின் ஜனனி சுரக்ஷா திட்டம், மருத்துவமனையில் பிள்ளை பெறும் தாய்க்குப் பொருளுதவி அளித்தது. ‘ஆஷா’ என்னும் ஊர்ப்பெண் பணியாளரும் அக்காலத்தே தோன்றினர். 2005-06 குடும்ப நல ஆய்வில் நூற்றுக்கு 39 ஆக இருந்த மருத்துவமனைப் பேறுகள் 2019-21 ஆய்வில் 89 ஆக உயர்ந்தன. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்முறைப் பணிக்கு மூன்று செவிலியரை அமர்த்தி, எந்நேரமும் பேறு பார்க்க வகை செய்தது பிற மாநிலத்தாரும் நோக்கிய ஏற்பாடாகும்.

கருநாடகத்தின் பெல்காமில் நடந்த ஓர் ஆய்வும் செவிலியர்க்குப் பெருமை தருவது. பேற்றுக்குப் பின் நேரும் உதிரப்போக்கே தாய்மாரைக் கொல்லும் முதற்பகை. சிற்றூர்த் துணைச் செவிலியர் பேற்றின்பின் மைசோபிராஸ்டால் மாத்திரை கொடுத்ததால், 100க்கு 12 ஆக இருந்த உதிரப்போக்கு 6 அளவிற்குக் குறைந்தது என 2006இல் வெளியிட்டனர். சிந்திய குருதியைக் கண்ணால் மதிப்பிட்டால் குறைவாகவே தோன்றும். ஆதலின், அளவு குறித்த ஒரு பையைத் தாயின் கீழ் விரித்து அளக்கும் முறையையும் அங்கே கையாண்டனர். விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை. அளந்து பார்க்கும் ஒழுங்கு ஒன்றே உயிரைக் காத்தது.

பச்சிளங்குழந்தை

தாயைக் காக்கும் முயற்சிக்குப் பின்னரே குழந்தையைக் காக்கும் எண்ணம் வலுப்பெற்றது. ‘கொடுத்தவன் எடுத்துக்கொண்டான்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதே அன்றைய வழக்கம். பஞ்சாபில் கொப்பூழ்ப் புண்ணால் வரும் சன்னியை ‘எட்டாம் நாள் நோய்’ என்றே மக்கள் அழைத்தனர். பிறந்த எட்டாம் நாள் குழந்தை இழுத்துக்கொண்டு இறப்பது அவ்வளவு வழக்கமாக இருந்தது! சூலுற்ற தாய்க்குத் தடுப்பூசி, கொடியை அறுக்கப் புதிய பிளேடு, கட்டத் தூய நூல், எதுவும் பூசாமல் உலரவிடுதல் ஆகிய எளிய முறைகளால் அந்நோய் ஒடுங்கிற்று. தாய்சேய்ச் சன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என 2015இல் உறுதி செய்யப்பட்டது.

1952இல் அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார், பிறந்த குழந்தையின் நாடி, மூச்சு, தசைவலு, துடிப்பு, நிறம் ஆகிய ஐந்தையும் நோக்கி மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். அதுவரை தாயை மட்டும் நோக்கிய பேற்றறை, அதன்பின் ஒரு நிமிடம் குழந்தையையும் உற்றுநோக்கக் கற்றது.

நம் நாட்டில் மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் தம்பதியர் செய்த பணி உலகப் புகழ் பெற்றது. எழுத்தறிந்த ஊர்ப்பெண்களுக்குப் பயிற்சி தந்து, வீடு தேடிச் சென்று குழந்தையைப் பேணவும், மூச்சுத் திணறலையும் கிருமி நோயையும் கண்டு மருத்துவம் செய்யவும் கற்பித்தனர். அப்பணி நடந்த 39 ஊர்களில், ஒப்பிட்டு நோக்கிய பிற ஊர்களினும் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்னும் முடிவு 1999இல் வெளியாயிற்று. மேற்கு வங்கத்தின் புருலியாவில் 2003இல் மாவட்ட மருத்துவமனையிலேயே பச்சிளங்குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு அமைந்தது. பின்னர் நாடெங்கும் அத்தகைய பிரிவுகள் பரவின.

குறைமாதக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வெப்பப் பெட்டியில் இடுவதே சிறந்த முறை என நெடுங்காலம் எண்ணினர். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரே என்னும் மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை எனப் பெயர் பெற்ற இது ஏழைகளின் மாற்றுவழி என்றே முதலில் கருதப்பட்டது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும், ஆப்பிரிக்க நாடுகளின் நான்கு மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் மார்பில் வைத்துப் பேணியபோது, 28 நாளுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 12. உடல்நிலை சீராகும் வரை பிரித்து வைத்துப் பேணிய குழந்தைகளில் அத்தொகை ஏறத்தாழ 16. இதற்காகத் தாய்க்கும் சேய்க்கும் ஒரே அறையில் படுக்கையிட வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் தாயை வாயிலிலேயே நிறுத்திய கூடம், இப்போது தாயே முதல் மருந்து என அறிந்து அவளை உள்ளே அழைத்தது!

இன்றைய சிக்கல்கள்

எண்கள் குறைந்தன என்று மகிழ்ந்து அமர்ந்துவிட இயலாது. முன்னே கூறிய 2018-20 கணக்கில் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, அசாமில் 195 என நின்ற வேற்றுமை, பிறந்த இடமே விதியாகும் நிலையைக் காட்டுகிறது.

முன்பு மருத்துவ உதவி குறைந்ததால் துன்பம். இப்போது சில இடங்களில் அது மிகுந்ததால் துன்பம். 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பேறுகள் சிசேரியன் அறுவையால் நிகழ்ந்தன, தெலங்கானாவில் 61. இவ்வறுவை உயிர் காப்பது. வேண்டிய இடத்தில் தயங்கலாகாது. ஆயினும், ஒரு நாட்டில் இது நூற்றுக்குப் பத்தைக் கடந்து உயர்வதால் சாவு மேலும் குறைவதில்லை என உலக நலநிறுவனம் 2015இல் கூறிற்று. நல்ல நாழிகை பார்த்து அறுவைக்கு நாள் குறிக்கும் நம்மவர் பழக்கத்தையும் இங்கே சொல்லாமல் விட இயலாது.

பேற்றறையில் கடுஞ்சொல் கேட்டு வந்த தாய்மார் நம்மிடையே பலர். கடிந்துரைத்த செவிலியை மட்டும் குறை கூறுதல் எளிது. ஒருத்தி பல படுக்கைகளை ஓடி ஓடிப் பார்க்கும்போது, ஒரு தாயின் கையைப் பற்றி நிற்க அவளுக்கு நேரம் ஏது? அவளுக்குத் துணை தருதலும் தக்க ஊதியம் தருதலும் தாய்க்குச் செய்யும் உதவியே. இதனை உணர்ந்தோ என்னவோ, மகப்பேறு ஒன்றையே தொழிலாகக் கொண்ட செவிலியரை 18 திங்கள் பயிற்றி உருவாக்க மத்திய அரசு 2018இல் நெறிமுறை வகுத்தது. 1970களில் நழுவவிட்ட மருத்துவச்சியை மீண்டும் தேடி அழைக்கும் முயற்சி இது.

நம் குடியிருப்புக்கு ஒரு சொல்

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு தொலைவில் உள்ளது அன்று. தாய்வீட்டுக்குச் சென்று பிள்ளை பெறுதல் நம் மரபு. அதில் அன்பும் உண்டு, காவலும் உண்டு. ஆனால் இரண்டு நாள் இரயில் பயணம், ஊர் சென்றபின் புதிய மருத்துவமனை, இங்கே எழுதிய குறிப்பு அங்கே இல்லாத குறை ஆகியவை இம்மரபின் இடர்கள். செல்லும் பெண் தன் பரிசோதனைக் குறிப்புகள் அனைத்தையும் கையோடு கொண்டு செல்லட்டும். மருத்துவர் பயணத்தைத் தடுத்தால், மரபை எண்ணி மனம் குழம்பாமல் அன்னை இங்கு வரட்டும்.

அன்னையும் வர இயலாத பெண்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. மொழி முற்றும் பழகாத ஊரில், வலி எங்கே என்று எடுத்துச் சொல்லவும் திகைத்துப் பேற்றறையில் தனித்துக் கிடக்கும் இளம்பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1980இல் வெளிவந்த குவாத்தமாலா நாட்டு ஆய்வு ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. பேற்று வலியிலிருந்த தாய்மாருக்கு முன்பின் அறியாத ஒரு பெண் துணையாக அமர்ந்து, கையைப் பற்றிக்கொண்டு, ஆறுதல் கூறினாள். மருந்து ஒன்றும் தரவில்லை. துணையின்றி இருந்தோர்க்குச் சராசரி 19 மணி நேரம் நீடித்த பேறு, துணை பெற்றோர்க்கு 9 மணிக்குள் முடிந்தது. அரசு மருத்துவமனைகளில் பேற்றுத்துணையாக ஒரு பெண் உடனிருக்கலாம் என்று 2016இல் மத்திய நல அமைச்சகமும் இசைவு அளித்துள்ளது.

ஆதலின், பிள்ளை பெற்றுப் பழகிய தாய்மார், அயல்வீட்டு இளம்பெண்ணுக்குப் பேற்றுத்துணையாகச் செல்ல முன்வர வேண்டும். நம் சங்கத்தின் மகளிர் குழு அத்தகையோர் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்திருத்தல் பெரிய காரியம் அன்று, பொருட்செலவும் இல்லை. பிறந்தவுடன் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தொட்டு வைக்கும் பழக்கத்தை விடுத்து, முதல் ஒரு மணிக்குள் சீம்பாலே ஊட்டுமாறு அத்துணைவியர் எடுத்துரைக்கட்டும். பேற்றுக்குப் பின் வரும் முதல் ஒரு நாளில் உதிரமோ காய்ச்சலோ கடும் தலைவலியோ கண்டால் அப்போதே செவிலியை அழைக்கட்டும்.

தென்னாட்டுச் செவிலியர் பலர் இந்நாட்டின் வடபுலத்து மருத்துவமனைகளில் இரவும் பகலும் பணியாற்றி வருவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். நம் குடியிருப்பிலும் அத்தகையோர் வாழ்கின்றனர். விழாநாளில் கலைஞரையும் புலவரையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும் நாம், இரவுப்பணி முடித்துக் கண் சிவக்க வீடு திரும்பும் அப்பெண்களையும் ஒரு நாள் மேடையேற்றுவோமாக. மருத்துவச்சி என்று பெயர் மட்டும் தந்து இடம் தர மறந்த பழம்பழியை நாம் தீர்க்க அதுவே தொடக்கமாகும்.

தாயும் சேயும் நலம் பெற்று வாழ்க! அவர்களைக் காக்கும் கைகள் வலிமை பெறுக!